காலூன்ற மறுக்கும் பிள்ளை: எலும்புத் தொற்றை நேரத்தோடு கண்டறிந்து நடத்தும் முறை

காய்ச்சலோடு ஒரு காலையோ கையையோ பயன்படுத்த மறுக்கும் பிள்ளைக்கு, வேறு காரணம் உறுதியாகத் தெரியவரும் வரை, எலும்பிலோ மூட்டிலோ பற்றீரியாத் தொற்று இருக்கக்கூடும் என்றே எண்ணி நடந்துகொள்ள வேண்டும். அவ்வாறான பிள்ளையை அன்றைய தினமே, அடுத்த கிளினிக் நாள் வரும் வரை காத்திராமல், வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இது அடிக்கடி வரும் நோயன்று. ஆனால் வந்தால், முதற் சில நாட்களுக்குள் சரியான மருந்து தொடங்கப்பட்ட பிள்ளை பெரும்பாலும் முழுமையாகக் குணமடைந்துவிடும். ஒரு கிழமை, இரண்டு கிழமை என்று தாமதித்த பிள்ளைக்கோ எலும்பின் ஒரு பகுதி இறந்துபோதல், கால் குட்டையாதல், மூட்டு இறுகிப்போதல் போன்ற விளைவுகள் வாழ்நாள் முழுவதும் தொடரலாம்.

யாழ்ப்பாணத்தில் இத்தாமதம் நேரும் வழிகள் நமக்குப் பழக்கமானவை. பிள்ளை எங்கோ விழுந்திருப்பான், சுளுக்காக இருக்கும் என்று எண்ணெய் போட்டு உருவுவது ஒன்று. மாரிகாலமாக இருந்தால் டெங்கு என்ற ஒரே அச்சத்தில் இரத்தத்தட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆறுதல் அடைவது இன்னொன்று. எக்ஸ்றே எடுத்தாயிற்று, எலும்பு முறியவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று வீடு திரும்புவது மூன்றாவது. மூன்றும் அக்கறையினால் செய்யப்படுபவையே. ஆயினும் ஒவ்வொன்றிலும் பெறுமதியான இரண்டு, மூன்று நாட்கள் கழிந்துவிடுகின்றன.

எலும்புக்குள் நடப்பது என்ன

வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளில், முனைக்குச் சற்று உள்ளே வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய குருத்தெலும்புப் படை இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். அந்தத் தட்டை ஒட்டிய பகுதியில் நுண்ணிய குருதிக்கலன்கள் கொண்டை ஊசி போல வளைந்து அகன்ற நாளங்களுக்குள் திறப்பதால், குருதியின் ஓட்டம் அங்கே மந்தமாகிறது. தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் திரும்பும் முடக்கில் மண் படிவதைப் போலக் குருதியில் வந்த பற்றீரியா அங்கே தங்கிப் பெருகத் தொடங்குகிறது. முழங்காலைச் சுற்றிய பகுதிகளான தொடையெலும்பின் கீழ்முனையும் கணைக்காலெலும்பின் மேல்முனையும், அடுத்தபடியாக மேற்கையெலும்பும் அதிகமாகப் பாதிக்கப்படுவதற்கு அவை வேகமாக வளரும் இடங்களாக இருப்பதும் ஒரு காரணம். பிள்ளைகளுக்கு வரும் எலும்புத் தொற்றில் ஏறத்தாழப் பாதி 5 வயதுக்கு உட்பட்டவர்களிடமே காணப்படுகிறது. பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வருகிறது.

எலும்பு விரிந்து கொடுக்காத பொருள். அதற்குள் சீழ் சேரும்போது அமுக்கம் கூடுகிறது. அதனால்தான் நோ அவ்வளவு கடுமையாக இருக்கிறது. சீழ் பின்னர் எலும்பின் புறத்தே பரவி, எலும்பைப் போர்த்தியிருக்கும் உறையைத் தூக்குகிறது. உறை வழியாகவும் உள்ளே இருந்தும் வரும் குருதி தடைப்பட்டால் அந்தத் துண்டு எலும்பு இறந்துவிடும். இறந்த எலும்புக்குள் மருந்து போய்ச் சேராது. நாட்பட்ட எலும்புத் தொற்று என்று வருடக்கணக்கில் சீழ் கசியும் நிலை அப்படித்தான் உருவாகிறது.

பற்றீரியா எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பல சமயங்களில் விடை கிடைப்பதில்லை. சொறிந்து புண்ணான நுளம்புக்கடி, சிரங்கு, சீழ்க்கட்டி, தொண்டை நோ, பொக்குளிப்பான் ஆகியவற்றின் வழியாக அது குருதிக்குள் நுழையலாம். தோலில் காயமே இல்லாதபோதும் வரலாம். ஆகவே “காயம் ஒன்றும் இல்லையே” என்ற ஆறுதலுக்கு இடமில்லை. மிகுதியாகக் காணப்படும் கிருமி ஸ்ரபைலோகொக்கஸ் ஓரியஸ் என்பது. நமது தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே குடியிருப்பது. ஆறு மாதத்துக்கும் நான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் கிங்கெல்லா கிங்கே என்ற இன்னொரு கிருமியும் உண்டு. அது பிள்ளையை அதிகம் வாட்டாமல், இலேசான காய்ச்சலுடன் நொண்டலை மட்டும் காட்டும்.

விழுந்த கதையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எலும்புத் தொற்று வந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குச் சில நாட்களுக்கு முன் சிறு அடி பட்டிருக்கும். அடிபட்ட இடத்தில் கிருமி தங்குவது எளிதாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. இதனால், சைக்கிளில் இருந்து விழுந்தான் என்பது உண்மையாக இருந்தாலும் தொற்று இல்லை என்பதற்கு அது சான்றாகாது. சுளுக்கின் நோ முதல் நாள் கடுமையாக இருந்து பிறகு நாளுக்கு நாள் குறையும், காய்ச்சலைக் கொண்டுவராது. தொற்றின் நோவோ நாளுக்கு நாள் கூடும்.

வீட்டில் பார்க்கும் முறை

முதலில் தூர இருந்து பாருங்கள். தொடுவதற்கு முன் பிள்ளை தானாக என்ன செய்கிறது என்பதே அதிகம் சொல்லும். சற்றுத் தள்ளி ஒரு விளையாட்டுப் பொருளை வைத்து, எப்படிப் போய் எடுக்கிறது என்று கவனியுங்கள். எழுந்து நிற்க மறுக்கும் பிள்ளை தவழ்ந்து போனால் நோ முழங்காலுக்குக் கீழே, பெரும்பாலும் கணைக்காலிலோ பாதத்திலோ இருக்கலாம். தவழவும் மறுத்தால் இடுப்பு மூட்டையோ தொடையையோ முழங்காலையோ ஐயுற வேண்டும். நிற்கும், ஆனால் கீழே கிடக்கும் பொருளைக் குனிந்து எடுக்காது, அல்லது இருத்தினால் அழும் என்றால் முதுகெலும்பில் தொற்று இருக்கலாம். கையில் நோ உள்ள பிள்ளை அந்தக் கையால் உணவை வாங்காது. வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளை திடீரென்று இடக்கையால் பிஸ்கற்றை வாங்குவது சிறிய விடயமாகத் தோன்றினாலும் கவனிக்கத்தக்க அறிகுறி.

அடுத்து, பிள்ளையைத் தாயின் மடியிலோ அது நம்பும் ஒருவரின் மடியிலோ இருத்தி, இடுப்புக்குக் கீழே உடையை முழுவதும் கழற்றி, இரண்டு கால்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வீக்கம், சிவப்பு, சூடு ஆகியவை முதல் நாட்களில் தெரியாமலும் இருக்கலாம்; எலும்பு ஆழத்தில் இருக்கும் தொடையில் அவை வெளிப்படப் பல நாட்கள் ஆகும். பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் விட்டுவிடாமல் பாருங்கள். செருப்பைத் துளைத்து ஏறிய ஆணி, கருக்குமட்டை கீறிய காயம், நெருஞ்சி முள் என்று பிள்ளை சொல்லாமல் மறைத்தவை அங்கே இருக்கலாம். ஆணி ஏறி ஓரிரு கிழமைகள் கழித்துப் பாதம் மீண்டும் வீங்கி நோவெடுத்தால், அது வழக்கமான மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் என்ற கிருமியாக இருக்கலாம் என்பதால், அந்த ஆணியின் கதையை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தொட்டுப் பார்ப்பதை நோவில்லாத காலில் தொடங்குங்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு விரல் நுனியால் பாதத்திலிருந்து மேல்நோக்கி எலும்பின் வழியே மெதுவாக அழுத்திக்கொண்டு வாருங்கள். பிறகு நோவுள்ள காலிலும் அவ்வாறே செய்யுங்கள். ஒரே ஓர் இடத்தை, விரல் நுனி அளவான இடத்தை, அழுத்தும்போது மட்டும் பிள்ளை காலை இழுத்துக்கொள்வதும், வேறு விளையாட்டுக் காட்டிவிட்டுத் திரும்ப அழுத்தினாலும் அதே இடத்தில் அழுவதும் எலும்புத் தொற்றின் மிக நம்பத்தகுந்த வீட்டு அறிகுறி. அந்த இடத்தைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் குறித்துவிட்டால், வைத்தியசாலையில் பிள்ளை பயந்து எங்கு தொட்டாலும் கத்தும்போது அக்குறி உதவும். ஒருமுறை பார்த்தது போதும். உறவினர் ஒவ்வொருவரும் வந்து அழுத்திப் பார்க்க விடாதீர்கள்.

மூட்டுக்குள் தொற்று என்றால் தோற்றம் சற்று வேறுபடும். மூட்டைச் சிறிது அசைத்தாலே பிள்ளை அலறும். இடுப்பு மூட்டுத் தொற்றில் பிள்ளை தொடையை மடக்கி, வெளிப்புறமாகத் திருப்பி, அசையாமல் படுத்திருக்கும். வேறு சில பிள்ளைகள் நோவை இடுப்பில் சொல்லாமல் முழங்காலில் சொல்லும். ஆகவே முழங்கால் நோ என்று வரும் பிள்ளையின் இடுப்பையும் பார்ப்பது வழக்கம். இடுப்பு மூட்டில் சீழ் சேர்ந்தால் அது மணித்தியாலக் கணக்கில் பார்க்க வேண்டிய அவசர நிலை, ஏனெனில் சீழின் அமுக்கம் தொடையெலும்பின் தலைக்குப் போகும் குருதியை நிறுத்திவிடக்கூடும்.

கைக்குழந்தைகளில் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தா. பிறந்து ஒரு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். பால் குடிப்பது குறையும், தூக்கினால் சிணுங்கும், பம்பஸ் மாற்றக் காலைத் தூக்கும்போது வீரிட்டு அழும். ஒரு கை மட்டும் துவண்டு கிடப்பதை முதலில் காண்பவர் பல வீடுகளில் குழந்தையைக் குளிக்க வார்க்கும் அம்மம்மாவாகவோ அப்பம்மாவாகவோ இருக்கிறார். அவர் “பிள்ளை இந்தக் கையை ஆட்டுதில்லை” என்று சொன்னால், அதை வயதானவரின் வீண் பயம் என்று தள்ளிவிடக் கூடாது. ஏறத்தாழ 18 மாதம் வரை குருதிக்கலன்கள் வளர்ச்சித் தட்டைக் கடந்து செல்வதால், எலும்பில் தொடங்கிய தொற்று பக்கத்து மூட்டுக்குள் விரைவில் இறங்கிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட எலும்புகளிலும் வரலாம். தடுப்பூசி போட்ட தொடை ஓரிரு நாள் நோவதும் பிள்ளைக்கு இலேசாகக் காய்ச்சல் வருவதும் இயல்பு. மூன்றாம் நாளும் குறையாமல் கூடினால் அது ஊசியின் விளைவு என்று இருந்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில், பயப்படத் தேவையற்றவற்றையும் சொல்லிவிடுவது நியாயம். வளர்ச்சி நோ என்று நாம் சொல்வது இரண்டு கால்களிலும், மாலையிலோ இரவிலோ வந்து, காலையில் பிள்ளை ஓடித் திரியும் வகையினது, காய்ச்சல் இருக்காது. தடிமன் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு கெண்டைக்கால்களும் பிடித்துக்கொண்டு பிள்ளை நுனிக்காலில் நடப்பதும் உண்டு. அது சில நாளில் தானாக மாறும். தடிமனுக்குப் பின் ஓர் இடுப்பு மூட்டு மட்டும் சில நாள் நோவதும் உண்டு. அந்தப் பிள்ளை பொதுவாகத் தெம்பாக இருக்கும். எனினும் இக்கடைசி வகையை மூட்டுத் தொற்றிலிருந்து வீட்டில் வைத்துப் பிரித்தறிய முடியாது. நோ மூட்டுக்கு மூட்டு மாறிக்கொண்டு போனால் வாதக் காய்ச்சலையும், பிள்ளை வெளிறிப்போய், கண்டல்கள் தோன்றி, எலும்புகள் நோவதாகச் சொன்னால் இரத்தப் புற்றுநோயையும் வைத்தியர் கருத்தில் எடுப்பார்.

மாரிகாலத்துக் காய்ச்சலும் நோ மாத்திரையும்

ஐப்பசி தொடங்கித் தை வரை நம் பகுதியில் காய்ச்சல் என்றாலே டெங்குதான் நினைவுக்கு வருகிறது. அது பிழையன்று. ஆனால் டெங்குவின் உடல் உளைவு உடம்பு முழுவதையும் பிடிப்பது. எலிக்காய்ச்சலின் கெண்டைக்கால் நோ இரண்டு பக்கமும் இருப்பது. ஒரு பக்கம், ஓர் எலும்பு, ஓர் இடம் என்று நோ குவிந்தால் அது வேறு கதை. குருதிப் பரிசோதனை அறிக்கையில் இரத்தத்தட்டுகள் நன்றாக இருக்கின்றன என்பது டெங்கு பற்றிய செய்தி மட்டுமே. எலும்பைப் பற்றி அது எதையும் சொல்லாது. வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கைகூட எலும்புத் தொற்றுள்ள பல பிள்ளைகளில் சாதாரணமாகவே இருக்கும்.

காய்ச்சலுக்கும் நோவுக்கும் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். ஐபுபுரோபன், டைக்ளோபெனாக், மெபனமிக் அசிட் போன்றவற்றை, டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை, வாயாலும் கொடுக்கக் கூடாது, மலவாசலிலும் வைக்கக் கூடாது. அவை குருதிப்பெருக்கைக் கூட்டலாம். பரசிற்றமோலின் அளவு உடல் நிறையைப் பொறுத்தது: ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேற்படாமல். 12 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180 மில்லிகிராம் ஆகும்; போத்தலில் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 5 முதல் 7.5 மில்லிலீற்றர். சமையலறைக் கரண்டியால் அளக்காமல், மருந்தோடு வரும் அளவுக் கிண்ணத்தாலோ சிரிஞ்சாலோ அளந்து கொடுங்கள். கொடுத்த நேரத்தை எழுதி வையுங்கள். பரசிற்றமோல் கொடுத்து அரை மணித்தியாலத்தில் பிள்ளை சற்றுத் தெளிந்து விளையாடத் தொடங்கினாலும், காலை ஊன்ற மறுக்கிறது என்றால் பயணத்தை ஒத்திப்போட வேண்டாம்.

உருவுவதும் பத்துப் போடுவதும்

முறிவு நெரிவு வைத்தியத்துக்கு நம் ஊர்களில் நீண்ட மரபும் மதிப்பும் உண்டு; சுளுக்குக்கு அங்கே போய்ச் சுகம் கண்டவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். நான் இங்கே சொல்வது அவர்களின் திறமையைப் பற்றியன்று. காய்ச்சல் உள்ள பிள்ளையின் நோவுள்ள காலை உருவுவது, சீழ் சேரும் இடத்தை நசுக்குவதாகும். தாங்கமுடியாத நோவைத் தருவதோடு, வீக்கத்துக்கு உருவியதே காரணமோ என்ற குழப்பத்தையும் உண்டாக்கும். இறுக்கிக் கட்டும் பட்டையோ குருதியோட்டத்தைத் தடுக்கும். சூடான ஒத்தடம் கொடுத்துத் தோல் வெந்துபோனால் அடியில் நடப்பதைப் பார்ப்பது கடினமாகிவிடும். பத்துப் பூசினால் சிவப்பும் வீக்கமும் மறைந்துபோகும். காய்ச்சல் உள்ள பிள்ளை என்று சொன்னால், அனுபவமுள்ள நாட்டு வைத்தியர்கள் தாங்களாகவே வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அதைச் சொல்லாமல் மறைப்பவர்கள் நாம்தான்.

இதைவிடக் கவலைக்குரியது, முன்பு மிஞ்சிய அமொக்சிசிலினையோ பார்மசியில் கேட்டு வாங்கிய வேறு நுண்ணுயிர்க்கொல்லியையோ இரண்டு நாள் கொடுத்துப் பார்க்கும் வழக்கம். ஸ்ரபைலோகொக்கஸின் பெரும்பாலான வகைகள் அமொக்சிசிலினை அழிக்கும் நொதியத்தைச் சுரப்பவை. அரைகுறை மருந்து காய்ச்சலைச் சற்று அமுக்கும், கிருமியைக் கொல்லாது, பின்னர் கிருமியை வளர்த்து இனங்காணும் வளர்ப்புப் பரிசோதனையில் அது முளைக்காமலும் செய்துவிடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் மருந்துப் பெட்டியையே கையில் கொண்டு போங்கள்.

பொக்குளிப்பான் வந்த வீட்டில் இன்னொரு தடை இருக்கிறது. அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை செருகி, தண்ணீர் வார்க்கும் வரை வெளியே கொண்டு போகாமல் இருப்பது வழக்கம். பொதுவாக நான்கைந்து நாளில் காய்ச்சல் விட்டுவிடும். விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலோ, பிள்ளை ஒரு கால் நோகிறது என்றாலோ, கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து பரவினாலோ அது ஸ்ரெப்ரோகொக்கஸ் தொற்றாக இருக்கலாம். அப்போது தண்ணீர் வார்க்கும் நாளைப் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வெளிநோயாளர் பிரிவில் பொக்குளிப்பான் என்று முதலிலேயே சொன்னால் மற்றப் பிள்ளைகளிடமிருந்து தள்ளி இருத்துவார்கள்.

எங்கே போவது, என்ன சொல்வது

குடாநாட்டில் இருப்பவர்கள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு, ஊரில் பெரியாஸ்பத்திரி என்று சொல்வதற்கு, நேரே போகலாம். எலும்பியல் பிரிவும் சிறுபிள்ளை வைத்தியப் பிரிவும் ஒரே இடத்தில் உள்ளன. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளுக்கு அருகில் இருப்பவர்கள் அங்கே போனால், பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் அம்புலன்சில் மாற்றி அனுப்புவார்கள். நெடுந்தீவு போன்ற தீவுகளில் இருப்பவர்கள் அன்றைய கடைசிப் படகு போகும் நேரத்தை மனதில் வைத்து முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். காலையில் நொண்டிய பிள்ளையை மாலையில் பார்ப்போம் என்று விட்டால் அடுத்த நாளாகிவிடும். பிள்ளை மயக்கமாக, மூச்சு வாங்கி, கைகால் குளிர்ந்து, சிறுநீர் கழியாமல் இருந்தால் 1990 இலக்கத்தை அழைத்து இலவச அம்புலன்சைக் கேளுங்கள். ஓட்டோவில் கொண்டு போவதானால் நோவுள்ள காலின் கீழே தலையணை வைத்து, பிள்ளை தானாக வைத்திருக்கும் நிலையிலேயே விட்டுக் கொண்டு போங்கள்; நிமிர்த்த முயல வேண்டாம். சத்திரசிகிச்சைக்கு உடனே எடுக்க நேரலாம் என்பதால், வழியில் உணவு கொடுப்பதைத் தவிர்த்து, கடைசியாக என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு என்பதை நினைவில் வையுங்கள். கைக்குழந்தை பால் கேட்டு அழுதால் கொடுத்துவிட்டு நேரத்தைச் சொல்லுங்கள்.

வெளிநோயாளர் பிரிவில் கூட்டம் அதிகம். வைத்தியரோடு பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. “பிள்ளைக்குக் காய்ச்சல் டொக்டர்” என்று மட்டும் தொடங்கினால் உரையாடல் இருமல், தடிமன், வாந்தி என்று போய் முடிந்துவிடும். முதல் வசனத்திலேயே காலைச் சொல்லுங்கள்: “டொக்டர், பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், நேற்றிலிருந்து இடது காலை ஊன்றுகிறான் இல்லை, முழங்காலுக்குக் கீழே இந்த ஓர் இடத்தில் தொட்டால் அழுகிறான்.” இவ்வளவும் சொன்னபின் எந்த வைத்தியரும் காலைப் பார்க்காமல் விடமாட்டார். சிரங்கு, பொக்குளிப்பான், ஆணி ஏறியது, வயல் சேற்றில் விளையாடியது, ஒவ்வாமை, கொடுத்த மருந்துகள் ஆகியவற்றை அடுத்ததாகச் சொல்லுங்கள். வயல் சேற்றைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு: மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் மெலியோயிடோசிஸ் கிருமி இலங்கையில் இருப்பது அறியப்பட்டது, அது எலும்பையும் மூட்டையும் தாக்கக்கூடியது, வழக்கமான மருந்துக்கு அடங்காதது. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் கொண்டு போங்கள். நிறையும் தடுப்பூசி விபரமும் அதில் இருக்கும்.

பெற்றோர் மரியாதையாக, ஆனால் தயங்காமல் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: “சி.ஆர்.பி.யும் ஈ.எஸ்.ஆரும் பார்க்க வேண்டுமா, டொக்டர்?” இவை இரண்டும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் குருதிப் பரிசோதனைகள். இதைக் கேட்பதை எந்த நல்ல வைத்தியரும் குற்றமாக எடுக்கமாட்டார்.

பரிசோதனைகள்

சி.ஆர்.பி. என்பது தொற்று தொடங்கிச் சில மணித்தியாலங்களில் ஏறி, மருந்து வேலை செய்தால் சில நாட்களில் விரைவாக இறங்குவது. ஆகவே நோயைக் கண்டறியவும் மருந்து பிடிக்கிறதா என்று பார்க்கவும் அதுவே பெரிதும் உதவுகிறது. ஈ.எஸ்.ஆர். மெதுவாக ஏறி, மூன்று கிழமைக்கு மேலும் எடுத்து மெதுவாக இறங்கும். அது உடனே குறையவில்லை என்று கவலைப்பட வேண்டாம். நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றுவதற்கு முன் வளர்ப்புப் பரிசோதனைக்குக் குருதி எடுப்பார்கள். பெறுபேறு வர இரண்டு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும், அதுவரை மருந்து நிற்காது. குழந்தை மிக மோசமாக இருந்தால் எதற்கும் காத்திராமல் மருந்து தொடங்குவார்கள்.

எக்ஸ்றே பற்றி மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெற்றோர் மிக அதிகமாக ஏமாறுவது இங்கேதான். எலும்பின் கனிமத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சில வேளை பாதியளவும், கரைந்த பின்னரே எக்ஸ்றேயில் மாற்றம் தெரியும். அதற்கு ஏழு முதல் பத்து நாள் வரை ஆகலாம். முதல் நாள் எக்ஸ்றே எடுப்பது முறிவு, கட்டி போன்றவை இல்லை என்று பார்க்கத்தான். அது தெளிவாக இருப்பது தொற்று இல்லை என்பதற்கு அத்தாட்சியன்று. அல்ட்ராசவுண்ட் ஸ்கான் பார்த்தால் மூட்டுக்குள் நீரும் எலும்புறையின் கீழ்ச் சீழும் தெரியலாம். எல்லாவற்றிலும் தெளிவானது எம்.ஆர்.ஐ.; சிறு பிள்ளைகள் அசையாமல் கிடக்கமாட்டார்கள் என்பதால் மயக்க மருந்து கொடுத்து எடுக்க நேரிடும்.

மருந்தும் சத்திரசிகிச்சையும்

முதலில் நரம்பூசி மூலம் மருந்து ஏற்றப்படும். ஸ்ரபைலோகொக்கஸைக் குறிவைத்து குளொக்சசிலின் அல்லது புளுகுளொக்சசிலின் வகை மருந்துகள் கொடுப்பது வழக்கம். பிள்ளையின் வயது, ஒவ்வாமை, வளர்ப்புப் பரிசோதனையின் பெறுபேறு ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். அவற்றுக்கு அடங்காத ஸ்ரபைலோகொக்கஸ் வகையும் உண்டு. அதற்குக் கிளின்டாமைசின், வன்கோமைசின் போன்றவை தேவைப்படும். சிக்கல் இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு, நோ குறைந்து, சி.ஆர்.பி. இறங்கத் தொடங்கினால், சில நாட்களிலேயே வாய்மூல மருந்துக்கு மாற்றி மொத்தம் மூன்று அல்லது நான்கு கிழமை கொடுப்பது இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. முன்பு ஆறு கிழமையும் ஊசிதான் என்று இருந்த காலத்தை நினைத்து, “ஊசியை நிற்பாட்டிவிட்டார்கள்” என்று அஞ்ச வேண்டாம். பச்சிளங் குழந்தைக்கும், சீழ் பெரிதாகச் சேர்ந்தவர்களுக்கும், முதுகெலும்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும் காலம் கூடும்.

இரண்டு, மூன்று நாள் மருந்து ஏறியும் காய்ச்சலும் சி.ஆர்.பி.யும் குறையவில்லை என்றாலோ, ஸ்கானில் சீழ் தெரிந்தாலோ சத்திரசிகிச்சை செய்து சீழை வெளியேற்றிக் கழுவுவார்கள். மூட்டுக்குள் சீழ் என்றால் பொதுவாகக் காத்திருப்பதில்லை. கையொப்பம் கேட்கும்போது, தாத்தாவிடம் கேட்டுவிட்டு, சாதகம் பார்த்துவிட்டு என்று ஒரு நாளைக் கடத்துவது நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வீடு திரும்பிய பின்

வைத்தியசாலையில் நடப்பதைத் தாதியர் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் நடப்பதுதான் நம் பொறுப்பு. புளுகுளொக்சசிலினையும் குளொக்சசிலினையும் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்தோ கொடுக்க வேண்டும். நாளுக்கு நான்கு முறை என்றால், பாடசாலைப் பிள்ளைக்குக் காலை ஐந்தரை, முற்பகல் பதினொன்றரை, மாலை ஐந்தரை, இரவு படுக்கும் நேரம் என்று ஒழுங்கு செய்து, அடுப்பங்கரைச் சுவரிலோ குளிர்சாதனப் பெட்டிக் கதவிலோ ஒரு தாள் ஒட்டி, கொடுத்தவுடன் அடையாளம் போடுங்கள். பாணியின் கசப்பு பிள்ளைகளுக்குப் பிடிக்காது. கொடுத்தபின் ஒரு வாய் பழரசமோ சிறு கற்கண்டுத் துண்டோ கொடுக்கலாம், சோற்றில் கலக்கக் கூடாது. கரைத்த பாணியைக் குளிரில் வைக்க வேண்டும், பொதுவாக ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை என்றால் மருந்து எழுதும்போதே சொல்லுங்கள். மாத்திரை வடிவில் தரமுடியுமா என்று பார்ப்பார்கள். வாந்தி, கடும் வயிற்றோட்டம், தோலில் தடிப்பு, கண் மஞ்சளாதல் தோன்றினால் மருந்தை நீங்களே நிறுத்திவிட்டு இருந்துவிடாமல் உடனே காட்டுங்கள். சில நாட்களிலேயே பிள்ளை தெம்பாகி ஓடப் பார்க்கும். மருந்து போதும் என்று தோன்றும். முடியும் நாள் வரை கொடுங்கள்.

உணவில் ஒரு சொல். சத்திரசிகிச்சைக் காயம் உள்ள பிள்ளைக்குக் கிரந்தி என்று சொல்லி மீன், முட்டை, இறால் எல்லாவற்றையும் நிறுத்தி, கஞ்சியும் பருப்பும் மட்டும் கொடுக்கும் வீடுகள் பல. எலும்பும் தசையும் மீண்டும் வளரப் புரதம் தேவை. பிள்ளைக்கு ஏற்கெனவே ஒவ்வாமை இல்லாத எதையும் நிறுத்தத் தேவையில்லை. பெரியவர்களோடு வாதிட விருப்பமில்லை என்றால், கிளினிக்குக்கு அவர்களையும் கூட்டிப் போய் வைத்தியர் வாயாலேயே கேட்க வைத்துவிடுங்கள்.

கால் ஊன்றலாம் என்று சொல்லும் வரை ஊன்ற விடாதீர்கள். தொற்றால் பலமிழந்த எலும்பு சிறு விழுதலிலேயே முறியக்கூடும். மட்டை கட்டியிருந்தால் விரல்கள் நீலமாகின்றனவா, குளிர்ந்து மரத்துப் போகின்றனவா என்று பாருங்கள். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் காட்டித்தரும் அசைவுகளை நாளாந்தம் செய்விக்க வேண்டும், ஏனெனில் அசையாத மூட்டு விரைவில் இறுகும். கிளினிக்கில் சி.ஆர்.பி.யும் பின்னர் எக்ஸ்றேயும் பார்ப்பார்கள். பிள்ளை முழுச் சுகமாகத் தெரியும் காலத்திலும், வளர்ச்சித் தட்டு பாதிக்கப்பட்டதா என்று அறிய ஒரு வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்து காட்ட வேண்டிவரலாம். கால்களின் நீள வேறுபாடும் வளைவும் தெரியவர மாதங்கள், சில வேளை வருடங்கள் ஆகும். பாடசாலைச் சப்பாத்தின் ஒரு குதி மட்டும் தேய்வதும், நீளக் காற்சட்டையின் ஒரு கால் மட்டும் தரையில் இழுபடுவதும் அவ்வகை வேறுபாட்டைக் காட்டலாம்.

வைத்தியசாலையில் தரும் நோய் விபர அட்டையை (டயக்னோசிஸ் கார்ட்) பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்; எந்த எலும்பு, எந்தக் கிருமி, எந்த மருந்து என்பவை அதில் இருக்கும். மாதங்கள் கழிந்தபின் பழைய இடத்தில் மீண்டும் நோ, வீக்கம், காய்ச்சல், அல்லது தழும்பிலிருந்து ஒரு துளி சீழ் வந்தாலும், அதைப் புதுச் சிரங்கு என்று பவுடர் போடாமல், அந்த அட்டையோடு எலும்பியல் கிளினிக்குக்குப் போங்கள்.